உலகம்மாளின் போனுக்கு ஒரு காவல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஜவுளிக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியில் ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. அடியேன் எழுதுகிற தகுதிக்கு உலகத்தில் எதுவும் நடக்கவில்லை என்பதே காரணம். இன்று நடந்துவிட்டது.

மத்தியானம் இரண்டு மணிக்கு உலகம்மாள் வந்து நின்றாள். இறந்துபோன என் அக்காளின் ஒரே மகள். இவளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் என்ற முறையில் மடியில் வைத்திருந்தவன் நான்தான். அன்று அவள் போட்ட கூச்சலில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் வந்துகொண்டிருந்த இரண்டு கப்பல்கள் பயந்து திரும்பிப் போயின. இன்று சத்தமே இல்லை. ஒரு துணிப்பை. இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன் அத்தை."

என் தர்மபத்தினி வடிவு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "ஒங்க வீட்டு பாத்ரூமுக்கு கை மொளச்சிருக்கோ?"

அதற்கப்புறம் சொன்னாள். அதை எழுதப் போவதில்லை. தாள் தாங்காது. குடும்ப வன்முறைச் சட்டத்துப் பாதுகாப்பு அலுவலர் அம்மாளிடம் போய் மனு கொடுத்துவிட்டாளாம். இருபத்தெட்டாம் தேதி தென்காசிக் கோர்ட்டில் விசாரணை. அதுவரைக்கும் புருஷன் கையில் சிக்காமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் காரியம். முப்பத்துநாலு வருஷம் தொலைபேசி இலாகாவைத் தோளில் தூக்கிச் சுமந்தவனுக்கு இது ஒரு காரியமா? டிரங்க்கால் காலத்தில், பேசுகிறவன் வாயைத் திறக்குமுன் பின்னணிச் சத்தத்தை வைத்தே ஊரைச் சொன்ன காது இது. சங்கரன்கோவில் தறி, மணப்பாட்டு அலை, கோவில்பட்டித் தீப்பெட்டி மிஷின், எல்லாம் எனக்கு அத்துப்படி.

நாலு மணிக்கு மாப்பிள்ளை தளவாய் வந்துவிட்டான். செருப்பை வரிசையாகக் கழற்றிப்போட்டுவிட்டு, கால் கழுவி, வடிவு வைத்த காப்பியைக் குடித்தான். தென்காசியில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் கடை வைத்திருக்கிறான். சத்தம் போட்டே பேசமாட்டான். உலகு உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, மனுவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க. அவ எங்க போனாலும் எனக்குத் தெரியும். எதுக்கு அலையணும்?"

"அவள் இங்கே வரவே இல்லையே" என்று அரிச்சந்திரனே கூசும்படி ஒரு பொய் சொன்னேன். சிரித்தான். எழுந்து போகும்போது, "போன் நல்லா ஓடுதா மாமா?" என்று கேட்டான்.

"ஓடுதாவா? பறக்குது!"

ஜனவரியில் என் மணிவிழாவுக்கு அவன் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த சீர் அது. பாளையங்கோட்டையிலேயே அவ்வளவு பெரிய திரை கிடையாது. சினிமாக் கொட்டகைக்காரர்கள் வாடகைக்குக் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

உலகுவை நாகர்கோவிலில் ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்தேன். ஈ காக்கைக்குச் சொல்லவில்லை. சந்து தெரியாமல் இரண்டு தடவை சுற்றியது உண்மை. மூன்றாவது தடவை என் போனுக்குள் இருக்கும் அம்மாள் "இடதுபுறம் திரும்பவும்" என்று வழிகாட்டி வாசலிலேயே கொண்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது போன் சட்டைப்பையில் கொதித்தது. இதன் மேல் தோசை வார்க்கலாம். பெரிய மனிதர்களின் போன் சூடாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 6, புதன்

விடுதி வாசலில் மாப்பிள்ளை நின்றானாம். கையில் அவளுக்குப் பிடித்த முந்திரிக்கொத்துப் பொட்டலம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டன் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்கள். உலகு ஒரு மீன் ஆட்டோவில் ஏறிப் பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தாள். மீன் வாடையோடு கூடத்தில் உட்கார்ந்து, "எப்படி மாமா தெரியுது அவருக்கு?" என்று கேட்டாள். ஐந்து தடவை கேட்டாள். ஐந்து தடவையும் ஒரே மாதிரி.

அடியேனின் மூளை சுழல ஆரம்பித்தது. போன்! இவள் போனில் ஏதோ ஒட்டுக்கேட்கும் பூச்சியை விட்டிருக்கிறான். இவளுக்குப் போனில் தெரிந்ததெல்லாம் பச்சையைத் தொட்டால் பேசலாம், சிவப்பைத் தொட்டால் வைக்கலாம். மற்றபடி அது மாவரைக்கும் கல்லா, பேசும் பெட்டியா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள்.

வண்ணார்பேட்டையில் ஜெசிந்தா கடைக்குக் கூட்டிப் போனேன். என்னோடு எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு செல்போன் ரிப்பேர்க் கடை வைத்தவள். சிரிப்பு என்பது அவள் கடையில் கிடைக்காத சரக்கு. உலகுவின் போனை வாங்கி அரைமணி நேரம் குடைந்தாள். எந்தெந்தச் செயலிக்கு மைக் அனுமதி, எதற்கு இருப்பிடம் தெரிகிறது, வெளியிலிருந்து ஏதாவது ஏற்றியிருக்கிறதா, எல்லாம் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்ல சார். சுத்தமா இருக்கு."

"இருக்க முடியாது!"

"இல்லன்னா இல்லதான். இனிமே வராம இருக்க ஒரு காவல் போட்டுக்கிடுங்க. சுலபமானதாப் பாருங்க. சும்மா சும்மா கேள்வி கேட்டா இந்தப் புள்ள அணைச்சுப் போட்டுரும். அணைச்சு வெச்ச காவலுக்கு அர்த்தமே இல்ல." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "ஒங்க போனையும் குடுங்க, பாத்துருவோம்."

எனக்குச் சுருக்கென்றது. "என் போனா? ஜெசிந்தா, நீ கேபிள் சுற்றப் பழகும்போது உனக்கு ஸ்குரூடிரைவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆளிடம் பேசுகிறாய். என் போனுக்குள் ஒரு பூச்சி நுழைந்தால், என் அனுபவத்தைப் பார்த்துவிட்டு அதுவே விஷம் குடித்துச் செத்துவிடும்."

"சரி சார்," என்றாள். அடுத்த ஆளின் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று வீட்டில் தர்பார். மூன்று காவல் செயலிகள் வேலைக்கு மனுப் போட்டன. நான் அரியணையில், அதாவது கிழிந்த பிரம்பு நாற்காலியில். உலகு எதிரே பாயில். வடிவு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு ஜூரி.

முதல் ஆசாமி திறந்த உடனே, எதையும் பார்க்காமலேயே, "நாற்பத்தேழு ஆபத்துகள்!" என்று அலறினான். கூடவே சீட்டாட்ட விளம்பரம். வீட்டுக்குள் வரும்போதே "திருடன், திருடன்" என்று கத்துகிற காவல்காரன்தான் முதலில் பண்டபாத்திரத்தைத் தூக்குவான். தள்ளுபடி.

இரண்டாவது ஆள் படிப்பாளி. பக்கம் பக்கமாக இங்கிலீஷில் அறிக்கை கொடுத்தான். ஒவ்வொரு படிக்கும் "அனுமதிக்கவா, மறுக்கவா?" என்று கேட்டான். ஏழாவது கேள்வியில் உலகுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "எனக்கு இது ஆவாது மாமா. தப்பா எதையாவது அமுக்கிட்டா?" தள்ளுபடி.

மூன்றாமவன் உத்தமன். தினமும் தானே சோதிப்பான், தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வான். நல்லபடியாக இருந்தால் பச்சைக் கேடயம். கெட்டது வந்தால் சிவப்பு, அதில் "நீக்கு" என்று ஒரே ஒரு பொத்தான். அவளுக்குத் தெரிந்த இரண்டு நிறம்! வேலை கொடுத்தோம். போனைத் திறக்கும் எண்ணையும் மாற்றினோம். இதுவரை கல்யாணத் தேதிதான் எண்ணாக இருந்தது. அது தளவாய் போட்டுக்கொடுத்தது.

திரை பச்சையானதும் உலகு அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது பச்சையா இருந்தா அவர் வரமாட்டாருல்லா?"

"எமனே வந்தாலும் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்."

வடிவு கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எதுக்கும் ஒங்க போனையும் அந்த ஜெசிந்தாகிட்ட..."

"கீரையைப் பார்."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டி. மருத்துவமனைகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர். வடிவுக்குத் தெரிந்த ஒரு அம்மாள் அங்கே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் மேற்பார்வை. கம்பெனிக்குள்ளேயே பெண்கள் தங்க இடம் உண்டு. ஒரு கையை வைத்துக்கொண்டே பொட்டலத்தில் ஒட்டுத்தாள் ஒட்டுகிற வேலை. பேருந்தில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். இவள் இந்த ஊரில் ஒளிந்திருப்பது தெரிந்தவர்கள் பூமியில் மொத்தம் மூன்றே பேர். நான், வடிவு, உலகு. அந்த மேற்பார்வை அம்மாளுக்குக்கூட, வேலைக்கு வந்த பெண் என்பதற்கு மேல் விவரம் தெரியாது.

போய்ச் சேர்ந்ததும் அவளிடம் மூன்று கட்டளை இட்டேன். யாரிடமும் ஊர் பெயரைச் சொல்லாதே. வெளி வாசலுக்குப் போகாதே. தினமும் நாலு மணிக்கு எனக்குப் போன் பண்ணிக் கேடயத்தின் நிறத்தைச் சொல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலு மணி. "பச்சை மாமா."

காலையில் நூறு இருந்த என் போன் சார்ஜ் மத்தியானத்துக்குள் இருபது. ஒரு பக்கம் சார்ஜரில் போட்டுக்கொண்டேதான் பேச வேண்டியிருக்கிறது. அபார உழைப்பாளி இது. எஜமானைப் போலவே.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பச்சை. வடிவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "சத்திரப்பட்டியில் வெயில் எப்படி? சாப்பாடு உண்டா? ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது?" என்று சக்கரவர்த்தி தோரணையில் விசாரித்தேன். ஒரு மணிக்கு ஷிப்ட் முடிகிறதாம். பக்கத்துப் படுக்கைப் பெண் சினிமாப் பாட்டு நன்றாகப் பாடுவாளாம். அதைச் சொல்லும்போது உலகு கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. எத்தனை நாளாயிற்று!

ஆகஸ்ட் 13, புதன்

பச்சை.

சாயங்காலம் மாப்பிள்ளை எனக்குப் போன் பண்ணினான். நலம் விசாரித்தான். அப்புறம், "மாமா, நல்ல பேண்டேஜ் துணி எங்க கெடைக்கும்? ஒங்களுக்குத் தெரியாத விஷயமா?" என்றான். ஏதோ ஆஸ்பத்திரியில் கேமரா மாட்டும் வேலை எடுத்திருப்பான் போலிருக்கிறது. கடைத்தெருவில் கேள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வடிவு, "என்ன கேட்டான்?" என்றாள். "சும்மா" என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சத்திரப்பட்டியிலிருந்து போன். நாலு மணிப் போன் இல்லை. அப்புறம் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

ராஜபாளையம் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள்.

ஒரு மணிக்கு ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து வந்திருக்கிறான். அவள் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று காவலாளியிடம் சொல்லி அவளை வாசலுக்கு வரவழைத்திருக்கிறான். என் பெயரைச் சொன்னதால் வந்திருக்கிறாள். மாவுக்கட்டுப் போட்ட கையைப் பிடித்துத்தான் இழுத்திருக்கிறான். கூட வேலை பார்க்கும் பெண்கள் தறிக்குப் பாவு நூல் சுற்றும் கட்டையால் அடித்து விரட்டியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுப் பாடுகிற பெண்தான் முதல் அடி.

புருவத்தில் ஆறு தையல். முன்பல் ஒன்று போயிற்று. மணிக்கட்டு மறுபடியும் முறிந்து, புதிதாக மாவுக்கட்டு. தையலின் மேல் ஒட்டியிருந்த துணி சத்திரப்பட்டியிலேயே நெய்ததாக இருக்கும். இதில் வேடிக்கையாக ஏதாவது சொல்ல முடியுமா என்று நானும் பார்க்கிறேன்.

கட்டிலில் படுத்தபடியே தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் காட்டினாள். பல் போன வாயால் காற்றோடு பேசினாள். "பச்சையாத்தான் இருந்துச்சு மாமா. நான் எதையும் அமுக்கல."

தளவாயைப் போலீஸ் பிடித்தது. அன்று சாயங்காலமே ஜாமீனில் வெளியே வந்துவிட்டான்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வடிவு காலையிலிருந்து பேசவில்லை. பதினோரு மணிக்கு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அந்த எடம் மூணு பேருக்குத்தான் தெரியும். அவ போன்ல ஒண்ணும் இல்லன்னு அந்த ஜெசிந்தா சொல்லியாச்சு. எங்கிட்ட போனே கெடையாது."

"அதனால்?"

"அதனால ஒண்ணுமில்ல. நீங்கதான பெரிய மூளை. யோசிங்க."

ஜெசிந்தா கடைக்குப் போகலாம் என்று சட்டையைப் போட்டேன். இன்று அவள் கடை விடுமுறை என்று ஞாபகம் வந்தது. போகவில்லை.

"திங்கக்கிழம என்ன லீவு?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் வடிவு.

போன் மேஜைமேல் இருக்கிறது. தொடவில்லை. ஆனாலும் சூடாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஜெசிந்தாவின் மேஜையில் போனை வைத்தேன். அவள் முதல் காரியமாக அதை எடுத்துப்போய் உள்ளறையில் ஓடுகிற மின்விசிறிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "கேக்கக் கூடாதுல்லா, அதான்," என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். பார்த்ததை வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

படமே இல்லாத ஒரு செயலி. போனின் சொந்த உறுப்பு மாதிரி ஒரு பெயர். மைக், இருப்பிடம், குறுஞ்செய்தி, அழைப்பு என்று எல்லாவற்றுக்கும் அனுமதி. போனோடு வந்த சொந்தக் காவலை அணைத்துவைத்திருக்கிறது. ஏற்றிய தேதி ஜனவரி 24.

என் மணிவிழா. அன்று காலை ஒன்பது மணிக்கு, மாலையும் கழுத்துமாக நான் நிற்கும்போது, "மாமா, ஒங்களுக்கு எதுக்குச் செரமம், எல்லாத்தையும் நானே போட்டுக் குடுத்துருதேன்" என்றான். சபை கேட்க நான் சொன்ன பதில் ஞாபகம் இருக்கிறது. "மாப்பிள்ளை என்றால் இவனல்லவோ மாப்பிள்ளை" என்றேன். சீராக வந்த பொருளைச் சோதிப்பது கொடுத்தவனுக்கு அவமரியாதை என்று வேறு நினைத்தேன்.

"இதை எடுத்துவிடு" என்றேன் தாளில்.

அவள் எழுதினாள்: "வேண்டாம். எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சுரும். மொதல்ல புள்ள பத்திரமான எடத்துக்குப் போகட்டும். அந்த அலுவலர் அம்மாகிட்ட நேர்ல போய்ச் சொல்லுங்க. இது சாட்சி. கோர்ட்டுல குடுக்கணும்."

கீழே இன்னொரு வரி எழுத ஆரம்பித்து, எழுதாமல் பேனாவை மூடினாள். அது என்ன வரி என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அவள் வாய்விட்டே கேட்டதுதான்.

நாகர்கோவில் விடுதிச் சந்துக்கு அவனுக்கு வழி காட்டியவன் நான். ஊர் பெயரைச் சொன்னவன் நான். ஷிப்ட் முடிகிற நேரத்தைக் கேட்டு, சத்தமாக, ஸ்பீக்கரில் போட்டுச் சொல்லவைத்தவன் நான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

போனை வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டு ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் சீரியல் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

உலகுவிடம் சொன்னேன். பேருந்தில் எட்டு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். எட்டும் வரவில்லை. "என் போன்தான்" என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது.

வெகுநேரம் போர்வை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன், அந்தக் கப்பல்கள் திரும்பிப்போன மாதிரி.

"ஆசையா வெச்சிருந்தியளே மாமா அந்தப் போன," என்றாள்.

அலுவலர் அம்மாள் உடன் இருந்தார்கள். இனி அவளை அரசுக் காப்பகத்தில் வைப்பார்களாம். எந்த ஊர் என்பதை உறவுக்காரர்கள் யாருக்கும் சொல்வதில்லை என்றார்கள். "தாய்மாமாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்கள். சரி என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

தென்காசிக் கோர்ட். உலகு வந்தாள், இரண்டு பெண் போலீஸ் நடுவில். போனை மூடிய உறையில் கொடுத்தேன். சாட்சி சொன்னேன்.

"தொழில்?"

"தொலைபேசி இலாகா. ஓய்வு."

"இந்தப் போனைச் சோதிக்கும்படி யாரும் உங்களிடம் சொல்லவில்லையா?"

"இரண்டு பேர் சொன்னார்கள்."

"ஏன் சோதிக்கவில்லை?"

கோர்ட்டில் இருந்த மின்விசிறிகள் எல்லாம் நின்றுவிட்டன என்று வழக்கமாக எழுதியிருப்பேன். நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தன. "கர்வம்" என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

அவன் அவளை நெருங்கக் கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்று இடைக்கால உத்தரவு கிடைத்தது. தாள்தான். ஆனால் கையில் இருக்கிறது. போன் சங்கதிக்குத் தனி வழக்கு.

வெளியே வராந்தாவில் தளவாய் என் பக்கமாக வந்தான். வழக்கம்போல் குரலை உயர்த்தவில்லை.

"மாமா, ஏழு மாசமா ஒங்க பேச்சக் கேட்டேன். ஒரு நாள்கூட போரடிக்கல."



செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெசிந்தா ஒரு பொத்தான் போன் கொடுத்தாள். பேசலாம், வைக்கலாம். வேறொன்றும் தெரியாத போன். புது எண். அந்த எண்ணை அலுவலர் அம்மாளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வடிவு பேச ஆரம்பித்துவிட்டாள். கத்தரிக்காய் முற்றலாக வாங்கி வந்ததற்காகத் திட்டினாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 17, புதன்

மத்தியானம் மூன்றரை மணிக்குப் பொத்தான் போன் அடித்தது. தெரியாத எண்.

"மாமா, நான்தான்."

வடிவு கையைக்கூடத் துடைக்காமல் ஓடிவந்து பக்கத்தில் நின்றாள்.

"கை எப்படி இருக்கு?"

"இன்னும் ரெண்டு வாரத்துல கட்டுப் பிரிச்சுருவாங்களாம். பல்லு கட்டிக்கலாம்னு சொல்லுதாவ. தையல் வேல படிக்கேன். இங்க பாருங்க மாமா, இங்க ஒரு..."

"சொல்லாதே."

அவள் மறுபடி தொடங்குமுன் நானே தொடர்ந்தேன்.

"ஊரையும் சொல்லாதே, தெருவையும் சொல்லாதே. நானே கேட்டாலும் சொல்லாதே."

"ம்," என்றாள். அப்புறம், "ஒங்க பேச்சு இல்லாம ஒரு மாதிரி இருக்கு மாமா," என்றாள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். காது தானாக வேலை செய்தது. அவள் மூச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். ஒரே சீராக, விட்டு விட்டு. இன்னொரு சத்தம் அதற்கும் பின்னால், தூரத்தில். முப்பத்துநாலு வருஷத்துக் காது. இரண்டும் சேர்ந்து கேட்கிற ஊர் தமிழ்நாட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

வைத்ததும் வடிவு என் முகத்தைப் பார்த்தாள். "கண்டுபிடிச்சிட்டியளா? எந்த ஊரு?"

"கேட்கவில்லை," என்றேன்.

அந்த ஊர் பெயரை இந்த டைரியிலும் எழுதமாட்டேன்.